பித்தளை சொல்லும், எஃகு சொல்லாது

போர்ப் புதினங்களை விரும்பிப் படிக்கும் எங்களைப் போன்றோருக்குத் துப்பாக்கி என்பது பெரும்பாலும் ஒரு சொல் மட்டுமே. கதைமாந்தர் அதைத் தோளில் மாட்டுகிறார்கள், எண்ணெயிட்டுத் துடைக்கிறார்கள், சுடுகிறார்கள். சுடுகின்ற அந்தக் கணத்தில், ஆயிரத்தில் ஒரு நொடிக்குள், உலோகத்தின் உள்ளே என்ன நிகழ்கிறது என்று கதை நின்று சொல்வது அரிது. குண்டு பாய்ந்த மார்பைப் பற்றித்தான் இலக்கியம் பேசுகிறது. குண்டை அனுப்பியவனின் கன்னத்துக்கு நான்கு விரற்கடை தள்ளி அடைபட்டிருக்கும் அழுத்தத்தைப் பற்றி அல்ல. கொல்லும் கருவியைப் பற்றி இலக்கிய வாசகர்கள் பேச வேண்டுமா என்ற கேள்வி எழலாம். ஒரு கருவியின் வலிமையையும் பலவீனத்தையும் அறியாமல் அதைப் பற்றிய கதையை முழுமையாகப் படித்துவிட முடியாது என்பதே எங்கள் எண்ணம்.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். நீலகிரி மலை ரயில் குன்னூரைக் கடந்து உதகைக்கு ஏறும் வழியில் அருவங்காடு என்றொரு நிலையம் வரும். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் நிறுவிய கார்டைட் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். கார்டைட் என்பது புகை குறைந்த வெடிமருந்து. கயிறு போல இழைத்தெடுக்கப்பட்டதால் அந்தப் பெயர். எங்கள் கூட்டங்களில் கம்பனைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் அவர், தொழிற்சாலையைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. திறக்க வைத்தது அவருடைய மாப்பிள்ளை.

மாப்பிள்ளை வசிப்பது டெக்சாஸ் மாநிலத்தில். மான் வேட்டைக்கென .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான துப்பாக்கி ஒன்றை முறைப்படி வைத்திருக்கிறார். அமெரிக்கத் தரைப்படைக்கென வந்திருக்கும் புதிய வகைத் தோட்டாவைப் பற்றிப் படித்துவிட்டு மாமனாருக்கு இப்படி எழுதியிருந்தார்: “மாமா, புதிய தோட்டாவின் அடிப்பகுதி எஃகு. பித்தளையைவிட வலியது. அடிவட்டம் என் துப்பாக்கியினுடையதைப் போலவே இருக்கிறது. குழலை மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்கிறார்கள். எஃகு என்றால் இன்னும் பாதுகாப்புத்தானே?”

பெரியவர் அந்தக் கடிதத்தை எங்களிடம் படித்துக் காட்டிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது” என்றார். அவர் அன்று தொடங்கிய பேச்சும், அதன்பின் நாங்கள் தேடிப் படித்தவையும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் தோட்டாவின் உறை. அது வெறும் பொட்டலம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். உள்ளே மருந்து, முனையில் குண்டு, அடியில் நெருப்பு பற்றவைக்கும் பிரைமர். இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு குப்பி. பெரியவர் இதை மறுத்தார். உறையின் முதன்மையான வேலை அடைப்பது. மருந்து எரிந்து வாயு பெருகும்போது உறையின் மெல்லிய சுவர் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னோக்கிக் கசிய வழியில்லாமல் போகிறது. குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்ததும் உறை இம்மியளவு சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. அப்போதுதான் அதை வெளியே இழுக்க முடிகிறது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இந்த இரண்டையும் அழகாகச் செய்கிறது. ஒன்றரை நூற்றாண்டாக உலகம் பித்தளையைக் கைவிடாததற்குக் காரணம் அதுதான்.

உறையின் அடிப்பகுதி மட்டும் தடித்தது. அதற்கு முட்டுக்கொடுத்து நிற்பது போல்ட். போல்ட்டின் பூட்டுப் பற்கள் துப்பாக்கியின் உடற்கூட்டில் உள்ள பள்ளங்களில் மாட்டிக்கொண்டு, பின்னோக்கி வரும் தள்ளுவிசை அத்தனையையும் தாங்குகின்றன. அந்தப் பற்களுக்குப் பின்னால் இருப்பது சுடுபவரின் முகம்.

அந்த விசை எவ்வளவு? பெரியவர் வீட்டுச் சமையலறையையே உவமை காட்டினார். நம் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்க அளவுத்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதாவது குக்கரைப் போல 4,300 மடங்குக்கும் மேல். மாப்பிள்ளை கேட்ட புதிய தோட்டாவுக்கு அது 80,000 பவுண்டு, 5,600 மடங்கு. “குக்கருக்கு வெயிட் உண்டு, அது தவறினால் உருகி வழிவிடும் சேஃப்டி வால்வு உண்டு. துப்பாக்கிக்கு அப்படி ஒரு வால்வைப் பார்த்திருக்கிறீர்களா?” என்றார் பெரியவர்.

இரண்டு தோட்டாக்களின் அடிவட்டமும் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். அந்தச் சிறு வட்டத்தின் மீது விழும் விசையை மேலோட்டமாகக் கணக்கிட்டால் .308இல் 5 டன்னை நெருங்கும். புதியதில் 6 டன்னைத் தாண்டிவிடும். உறை அறைச் சுவரைப் பற்றிக்கொள்ளும் உராய்வு அதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும் என்றாலும், எஞ்சியது எல்லாம் அந்தச் சில பற்களுக்குத்தான்.

*

புதிய தோட்டாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கத் தரைப்படை 2022 ஏப்ரலில் சிக் சாவர் நிறுவனத்தின் துப்பாக்கியையும் இயந்திரத் துப்பாக்கியையும் தெரிவு செய்தது. அத்துப்பாக்கி 2025இல் எம்7 என்ற பெயரில் முறையாக ஏற்கப்பட்டது. அதன் தோட்டா 6.8×51 மில்லிமீட்டர், பொதுச் சந்தையில்.277 ஃப்யூரி. நவீன உடற்கவசங்களை எதிர்கொள்ள குண்டு வேகமாகச் செல்ல வேண்டும். ஆனால் குழலோ 13 அங்குலம்தான். நீண்ட குழலில் மெல்ல மெல்லச் சேர்க்கக்கூடிய வேகத்தைக் குட்டைக் குழலில் சேர்க்க வேண்டுமானால் அழுத்தத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த அழுத்தத்தில் பித்தளை அடிப்பகுதி நெகிழ்ந்துவிடும். பிரைமர் அமரும் குழி விரிந்துவிடும். எனவே அடிப்பகுதியைத் துருப்பிடிக்காத எஃகிலும் உடலைப் பித்தளையிலும் செய்து, இரண்டையும் உள்ளே ஓர் அலுமினிய வளையத்தால் பிணைத்தார்கள். விரிந்து மீள வேண்டிய இடத்தில் பித்தளையும், விரியவே கூடாத இடத்தில் எஃகும். கெட்டிக்காரத்தனமான வேலை, ஐயமில்லை.

‘எஃகு உறைத் தோட்டா’ என்ற பெயரில் வேறொன்றும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. கலாஷ்னிகோவ் துப்பாக்கிக்கான 7.62×39 தோட்டாக்களை ரஷ்யர்கள் நெடுங்காலமாக மென்மையான எஃகுத் தகட்டில்தான் செய்துவருகிறார்கள். செம்பு விலையேறியது, எஃகு மலிவு, காரணம் அவ்வளவே. இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மானியரும் எஃகு உறைக்கு மாறினார்கள். இவற்றில் அழுத்தம் கூடுதல் இல்லை. எஃகு பித்தளையைப் போல இலகுவாக மீளாது என்பதால் அறையில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் சற்று அதிகம். அதனால் துருவுக்கும் உராய்வுக்கும் எதிராக அரக்கோ வேறு பூச்சோ பூசுகிறார்கள். கலாஷ்னிகோவ் தோட்டாவின் சரிந்த வடிவமும் அது எளிதில் வெளிவரத் துணைசெய்கிறது. அங்கே எஃகு வந்தது சிக்கனத்துக்காக. இங்கே வந்திருப்பது அழுத்தத்துக்காக. பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

*

மாப்பிள்ளையின் கடைசி வரி ஏன் அச்சம் தந்தது என்பதற்கு இப்போது வரலாம்.

பித்தளை பலவீனமானது, ஆனால் அந்தப் பலவீனம் பேசும். அழுத்தம் அளவு கடந்தால் முதலில் பிரைமர் தட்டையாகிறது. உறையின் அடியில் போல்ட்டின் அச்சு பதிகிறது. கைப்பிடியைத் தூக்க முடியாமல் இறுகுகிறது. சுட்ட உறையின் அடியருகே ஒளிரும் கோடு ஒன்று தெரிகிறது. அடுத்த முறை அங்கேதான் அது பிளக்கும். இந்தக் குறிகள் எப்போதும் தவறாமல் தோன்றும் என்று சொல்ல முடியாது. தோன்றும்போது எல்லை ஏற்கெனவே தாண்டப்பட்டிருக்கும். ஆயினும் பல தலைமுறை வேட்டைக்காரர்களும் துப்பாக்கிக் கம்மியர்களும் உறையைக் கையிலெடுத்துப் பார்த்துத்தான் துப்பாக்கியின் உடல்நிலையை அறிந்தார்கள். வைத்தியர் நாடி பார்ப்பது போல.

எஃகு அடிப்பகுதி அப்படிப் பேசாது. பித்தளை உருக்குலைந்து முறையிடும் அழுத்தத்தில் எஃகு வாய்மூடி இருக்கும். சங்கிலியின் மெலிந்த கண்ணியை வலிமைப்படுத்திவிட்டால் சங்கிலி வலிமையானதாகத் தோன்றும். உண்மையில் அடுத்த மெலிந்த கண்ணி எது என்ற கேள்விதான் புதிதாக எழுந்திருக்கிறது. புதிய தோட்டாவுக்கென்றே வடிவமைத்த துப்பாக்கியில் அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. வழக்கமான துப்பாக்கியில் அடுத்த கண்ணி போல்ட்டின் பல், அதற்கடுத்தது உடற்கூடு. இவை உருக்குலைந்து எச்சரிக்கை தருவதில்லை. பெரும்பாலும் ஒரே முறைதான் பேசும்.

இதில் ஒரு கணக்கு எங்களைத் திடுக்கிடச் செய்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் எந்தத் துப்பாக்கியும் விற்பனைக்கு வருமுன் சோதனைச் சாலையில் சுடப்பட்டு முத்திரை பெற வேண்டும். லண்டனின் துப்பாக்கிக் கம்மியர் குழுமம் அரச சாசனம் பெற்ற 1637ஆம் ஆண்டிலேயே வேர்கொண்ட வழக்கம் இது. இன்றைய ஐரோப்பிய விதிப்படி, நீண்ட துப்பாக்கிகளை அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான தோட்டாவால் சோதிக்கிறார்கள். .308க்கு உச்சம் 4,150 பார். சோதனைத் தோட்டாவுக்கு ஏறத்தாழ 5,190 பார். புதிய தோட்டாவின் 80,000 பவுண்டை அதே அலகில் சொன்னால் 5,500 பார். அளக்கும் முறைகளில் நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடு உண்டு என்றாலும் பொருள் தெளிவு. வழக்கமான துப்பாக்கி, பாதுகாப்பான கூண்டுக்குள், மனிதர் அருகில் இல்லாமல், வாழ்நாளில் ஓரிரு முறை மட்டும் தாங்கிக் காட்ட வேண்டிய சோதனையைவிடக் கடுமையானது இந்தத் தோட்டாவின் அன்றாட வேலை. ஒரு முறை தாங்கிய உலோகம் ஆயிரம் முறை தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. உலோகத்துக்கும் சோர்வு உண்டு. கண்ணுக்குத் தெரியாத கீறலாகத்தான் அது தொடங்கும்.

*

வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய காலத்தில் அதன் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 வகைத் துப்பாக்கிகள் சில சுடும்போதே சிதறின. ஆராய்ந்தபோது இரண்டு காரணங்கள் கைகோத்திருந்தது தெரிந்தது. ஒன்று, அவசரத்தில் செய்த தோட்டாக்களின் பித்தளை அடிப்பகுதி சரியில்லாமல் வாயுவைப் பின்னே விட்டது. மற்றொன்று, துப்பாக்கியின் எஃகு உடற்கூடு நொறுங்கும் தன்மை பெற்றிருந்தது. உலையில் எஃகின் சூட்டை அனுபவசாலிகள் நிறத்தைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் செஞ்சூடு மங்கலாகத் தெரியும். ஆகவே அளவுக்கு மீறிச் சூடேற்றிவிட்டார்கள். மேகம் மூடிய நாளில் பிறந்த துப்பாக்கிக்கு ஒரு விதி, வெயில் நாளில் பிறந்ததற்கு வேறு விதி. 1918இல் பக்குவப்படுத்தும் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையின் 800,000க்குக் கீழ்ப்பட்ட வரிசை எண் கொண்டவற்றைச் சுடாமல் வைத்திருப்பதே நல்லது என்று அறிந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அங்கே நல்ல எஃகு அடிப்பகுதி இருந்திருந்தால் வாயு கசிந்திருக்காது. அந்த மட்டில் எஃகுக்கு நியாயம் உண்டு. ஆனால் நொறுங்கும் உடற்கூட்டை அது திடமாக்கியிருக்காது.

பித்தளைக்கும் தனக்கென்று ஒரு நோய் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் உறைகளில் கீறல். யாரும் அவற்றைத் தொட்டதில்லை, தட்டியதில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், ஈரக்காற்றும், இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள்ளேயே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல்தான் விளங்கியது. இதமான சூட்டில் வாட்டி அந்த இறுக்கத்தைப் போக்குவதே மருந்து. படைத்துறைத் தோட்டாக்களின் கழுத்தருகே தெரியும் நீலம் பாய்ந்த நிறம் அவ்வாறு வாட்டியதன் தடம். ‘பருவக் கீறல்’ என்னும் பெயர் நம் நாட்டு மழையிலிருந்து உலோகவியலுக்குப் போனது என்பதை அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

நம் நாட்டிலிருந்தே மறுபக்கத்துச் சான்றும் உண்டு. 1962 போருக்குப் பின் இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலை, .303 தோட்டாவுக்கான பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்தை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 என்ற துப்பாக்கிகளைச் செய்தது. வெறுமனே குழலை மாற்றி விட்டுவிடவில்லை. புதிய தோட்டாவின் அழுத்தம் கூடுதல் என்பதால் உடற்கூட்டுக்கு இன்னும் வலிய எஃகைத் தெரிந்தெடுத்தார்கள். வெளித்தோற்றம் பழையது, உள்ளே எஃகு புதியது. மாப்பிள்ளையின் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இஷாபூரில் எழுதிவைத்த விடை என்று இதைச் சொல்லலாம்.

இன்னொரு சான்று அண்மையது. 2021இல் அமெரிக்காவில் ஒருவர் .50 அளவுத் துப்பாக்கியில் பழைய தோட்டாக்களைச் சுட்டுக் காணொளி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தோட்டாவில் அழுத்தம் எல்லை மீறி, துப்பாக்கியின் பின்மூடி மரை அறுத்துக்கொண்டு தெறித்தது. கழுத்து நாளம் கிழிந்தது. கட்டைவிரலால் கழுத்தை அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனை சேர்ந்து அவர் பிழைத்தார். அதற்குமுன் சுட்டவை எல்லாம் அந்தத் துப்பாக்கியில் பொருந்தின, இதுவும் பொருந்தியது.

*

பொருந்துவது வேறு, பொறுப்பது வேறு. பெரியவர் மாப்பிள்ளைக்கு எழுதிய மறுமொழியின் சாரம் இதுதான். .223 தோட்டாவுக்கான துப்பாக்கியில் .300 பிளாக்அவுட் தோட்டா பல வேளைகளில் உள்ளே போய்விடும். ஏனெனில் இரண்டுக்கும் உறையின் மூலம் ஒன்றே, ஒரே மேகசினில் இரண்டும் அடங்கும். ஆனால் 5.7 மில்லிமீட்டர் துளையில் 7.8 மில்லிமீட்டர் குண்டு நுழைய முயன்றால் துப்பாக்கி வெடித்துவிடும். உள்ளே போய்விட்டது என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய இயலாது. அடிவட்டம் ஒத்திருப்பது தற்செயலும் அன்று. பழைய போல்ட்டுகளோடு இணங்க வேண்டும் என்றே அப்படி வடிவமைக்கிறார்கள். அந்த வசதியே பொறியாகவும் ஆகிவிடுகிறது.

பெரியவர் மாப்பிள்ளையிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னார். துப்பாக்கியைச் செய்தவர் இந்தத் தோட்டாவின் பெயரைச் சொல்லி, இந்த அழுத்தத்துக்கு என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறாரா? குழலை மாற்றித் தருபவர் போல்ட்டுக்கும் உடற்கூட்டுக்கும் பொறுப்பேற்கிறாரா? கையில் இருக்கும் தோட்டா எஃகு அடியுள்ள முழு அழுத்த வகையா, அதே அளவில் முழுப் பித்தளையில் வரும் மென்மையான வகையா? கூடவே ஒரு குறிப்பும் எழுதினார்: “மருந்து சூடானால் அழுத்தம் கூடும். டெக்சாஸ் வெயிலில் காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுவிட்டு வராதீர்கள், மாப்பிள்ளை.” முதல் இரண்டு கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வந்தது. .308ஏ போதும் என்று மாப்பிள்ளை இருந்துவிட்டார். மானுக்கு எந்த வேறுபாடும் தெரியப்போவதில்லை என்பது பெரியவரின் கருத்து.

கருவி செய்வோருள் சிறந்தவர்கள் ‘முறியாது’ என்று சொல்வதில்லை. ‘முறிந்தால் எப்படி முறிய வேண்டும்’ என்று யோசிக்கிறார்கள். 1898ஆம் ஆண்டின் மவுசர் துப்பாக்கியில் உறை கிழிந்தால் வாயு பக்கவாட்டில் வெளியேறத் துளைகள் உண்டு. முகத்துக்கு வராமல் திருப்பிவிட ஒரு விளிம்பும் உண்டு. முன் பற்கள் தோற்றால் தாங்க மூன்றாவது பல்லும் உண்டு. அத்தனையும் யோசித்த பால் மவுசரே, 1901இல் தானே மீண்டும் நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி ஒன்றைச் சோதிக்கையில் ஒரு கண்ணை இழந்தார். அறிந்தவனுக்கும் அழுத்தம் சலுகை காட்டுவதில்லை.

நம் பழந்தமிழில் எஃகு என்ற சொல்லுக்கு வேல் என்றும் பொருள் உண்டு. உலோகமும் ஆயுதமும் ஒரே சொல்லில் நின்ற காலம் அது. அந்தச் சொல்லோடு வலிமை, உறுதி என்ற எண்ணங்களும் நமக்குள் ஊறிப்போயிருக்கின்றன. எஃகு என்றதும் ‘பாதுகாப்பு’ என்று மனம் தானாக மொழிபெயர்த்துக்கொள்கிறது. மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சைப் பற்றி வள்ளுவர் பேசியிருப்பதை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. ஏற்றுகிற பண்டம் எத்தகையது என்பதல்ல அங்கே கேள்வி. அச்சு எவ்வளவு தாங்கும் என்பதே.

துப்பாக்கியே இல்லாத ஊர்களில் வாழும் நம்மில் பலருக்கு இந்த அறிவு நேரடியாகப் பயன்படாது. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளும் உறவினரும் வைத்திருக்கக்கூடும், அவர்களிடம் சொல்லலாம். குழலில் பொறித்திருக்கும் எழுத்தும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எழுத்தும் முழுதாக ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். வாசிப்பவர்களாகிய நாம் பிறருக்குச் சொல்லத் தகுதியுள்ள அறிவுரை அது ஒன்றுதான்: எழுதியிருப்பதைப் படியுங்கள், எழுதியிராததை ஊகிக்காதீர்கள்.